ஆயிரம் மைல் எண்ணெய்

எனக்கு அநியாயம் செய்தவர் தூத்துக்குடி எண்ணெய்க் கடை பால்துரை அண்ணாச்சி. பேரை மறைத்துச் சொல்ல எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருஷம், தன் ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம் அவர் பியூக் கார் ஒன்று வாங்கினார். வீடு மாதிரி இருக்கும். நான்தான் டிரைவர்.

மறு மாதமே தகராறு.

"என்னல அய்யாக்குட்டி, போன மாசந்தான எஞ்சினுக்கு எண்ணெய் மாத்துன?"

"ஆயிரம் மைலுக்கு ஒருக்க மாத்தணும்னு துரை சொல்லிட்டுப் போயிருக்காவ அண்ணாச்சி."

"துரைதான் போயிட்டான்லா? இனிமே வண்டி நாம சொன்னபடி கேக்கட்டும்."

"எண்ணெய் கருத்துப் போச்சு."

"நானுந்தான் கருப்பு. என்னையும் கீழ திறந்து விட்டுருவியோ?"

ஒரு தடவை எண்ணெய் மாற்றுகிற செலவில் அரை மூட்டை அரிசி வாங்கலாம். அது உண்மைதான். ஆனால் அதில் பாதி என் மடிக்குப் போகிறது என்று அவர் நினைத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்க்கிற பார்வையிலேயே தெரிந்தது.

"முப்பது வருசமா மாட்டு வண்டிக்கு மசகு போடுதேன். ஒருநாளாவது பழைய மசகை வழிச்சு வெளிய போட்டிருக்கனா? ஊருக்கே எண்ணெய் ஊத்துதவன், வெளிய போயி எண்ணெய் வாங்கவா? நம்ம கடை விளக்கெண்ணெயை ஊத்து. சனிக்கிழமை நாம தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது அதுக்கும் ஊத்திரு. அதுவும் நம்ம வீட்டுல ஒண்ணுதான?"

எனக்குப் பயம். ஒர்க்ஷாப் இஞ்ஞாசியிடம் போய்க் கேட்டேன்.

"பந்தயக் காருக்கே விளக்கெண்ணெய் ஊத்துவான்பா" என்றான். "சுத்தமா இருந்தாப் போதும்."

சுத்தத்துக்கு என்ன குறை? கடைப் பலகையிலேயே 'சுத்தமான செக்கு எண்ணெய்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததே. கடையிலிருந்து டின் வந்தது. பழசைத் திறந்துவிட்டு, அதை ஊற்றினேன். கெட்டியாக இறங்கியது. நல்ல சரக்கு என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரம் அவர் மகள் செல்லக்கனிக்கு ஏரலிலிருந்து சம்பந்தம் வந்தது. அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா சொரிமுத்து. அவருக்கும் ஏரலில் எண்ணெய்க் கடை. திருச்செந்தூருக்குப் போய்ச் சாமி முன்னால் வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லாரும் காரில் ஏறினார்கள்.

பழையகாயல் தாண்டியதும், முன் சீட்டில் இருந்த சொரிமுத்து மூக்கை உறிஞ்சினார்.

"யாரு வீட்டுலயோ கஞ்சி அடிப்பிடிச்சிட்டு."

இரண்டு பக்கமும் உப்பளம். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடு இல்லை.

கொஞ்ச தூரத்தில் எஞ்சின் கடகடவென்று கத்திவிட்டு நின்றது. நான் அடியில் படுத்து, நட்டைத் திறந்து, டின்னைப் பிடித்தேன். எண்ணெய் வரவில்லை. கொழகொழவென்று கஞ்சி வந்தது. அப்புறம் கொஞ்சம் எண்ணெய். அதோடு இரண்டு சோற்றுப் பருக்கை.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கடையில் வீட்டுக்கு ஒரு டின், ஊருக்கு ஒரு டின். காருக்கு எதைக் கொடுப்பது என்று கடைப் பையனிடம் அண்ணாச்சி சொல்ல மறந்துவிட்டார்.

சொரிமுத்து குனிந்து பார்த்தார். "அண்ணாச்சி, இது உங்க கடை எண்ணெயா?"

பால்துரை முகம் செத்துப் போனது. மறுகணம் என் சட்டையைப் பிடித்தார்.

"ஏலே களவாணி! என் எண்ணெயை வித்துத் தின்னுட்டு வடிகஞ்சியை ஊத்திருக்கியால?"

ஓங்கி ஓர் அறை விட்டார்.

நான் வாயைத் திறந்தேன். பின் சீட்டில் செல்லக்கனி முந்தானையைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடமும் போனால் அந்தப் பிள்ளை கதி?

"ஆமா, நாந்தான்" என்றேன்.

சொரிமுத்து டின்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "சரி, மாட்டு வண்டி ஏதாவது வருதான்னு பாருங்க. இன்னைக்கே வெத்தலை மாத்திருவோம்" என்றார்.

கல்யாணம் நடந்தது. ஊரில் எனக்குக் 'கஞ்சி டிரைவர்' என்று பேராயிற்று. "பாவம்னு வேலையில வச்சிருக்கேன்" என்று அண்ணாச்சி எல்லாரிடமும் சொன்னார். எண்ணெய் மட்டும் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, கம்பெனிக் கடையில் சத்தமில்லாமல் வாங்கச் சொன்னார்.

'உன்னை அடிச்சது தப்புதான்' என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன்.

"இன்னுமா வலிக்கி?" என்றார்.

செல்லக்கனிக்குப் பிள்ளையும் பிறந்தது. இனி அவளுக்கு ஒரு கெடுதியும் வராது என்று, ஏரலுக்குப் போய்ச் சொரிமுத்துவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் எண்ணெய் அளப்பதைக்கூட நிறுத்தவில்லை.

"நீ களவாணி இல்லன்னு எனக்கு அங்கனயே தெரியும்லா."

"தெரிஞ்சுமா அண்ணாச்சி அந்த வீட்டுல பொண்ணெடுத்திய?"

"பின்ன? சுத்தமான எண்ணெய் விக்கிற வீட்டுப் பொண்ணு வந்தா, எங்கடை எண்ணெயைப் பாத்துட்டு என்னை ஒரு மனுசனா மதிப்பாளா?"

"அப்போ நான் வாங்குன அறை?"

"அதை உங்க முதலாளிகிட்ட கேளு."

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.