ஒரு சாண் கார்பெட்

"தலைகீழாப் போட்டு வெச்சிருக்கியே, உனக்கே நல்லா இருக்கா?"

நோலீன் போட்ட சத்தத்துக்கு டிபெனி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. டிமாரு ஊரில் இருபது வருஷமாகக் கார்பெட் போடுகிறவன் அவன்.

முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சுவரைப் போன மாதம்தான் இடித்தார்கள். இப்போது நோலீன் ஆசைப்பட்டபடியே வீடு முழுக்க வெயில். சுவர் நின்ற இடத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு வெறும் பலகை பல்லைக் காட்டியது. துணி அலமாரிக்குள் தரையில் போட்டிருந்த அதே ரகக் கார்பெட்டைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, அங்கே ஒட்டுப்போட வந்திருந்தான்.

போட்டும் விட்டான். ஆனால் அறை முழுக்க இழை ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்க, இது மட்டும் எதிர்ப்பக்கம் சிலிர்த்து நின்றது. குறுக்கே கருப்பாக ஒரு பட்டை தெரிந்தது.

"கையால ஒரு தடவு தடவினா, இழை எந்தப் பக்கம் படுக்குதுன்னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லுமே!"

"என் தப்புதாங்க."

"தப்புன்னு சொன்னா ஆச்சா? ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வரா. இந்த வீட்டைக் குகைன்னு முப்பது வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கறவ. வந்ததும் அவ கண்ணு இதுலதான் விழும். பிரிச்சு எடு."

டிபெனி கத்தியை எடுத்தான். எடுத்தவன் வெட்டாமல், ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தான்.

அதில் அவள் கணவர் லின்ட்சே. பார்வை போய் இரண்டு வருஷம் ஆகிறது. இவ்வளவு ரகளையிலும் அவர் வாயைத் திறக்காதது நோலீனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கொஞ்ச நாளாக அவர் நாற்காலியை விட்டே எழுவதில்லை. டீ போடுவது எப்போதும் அவர் வேலை. இப்போது அதுவும் இவள் தலையில்.

"அங்க என்ன பார்வை? பிரிக்கிறியா, இல்ல உன் முதலாளிக்குப் போன் போடட்டுமா?"

டிபெனி கத்தியைக் கீழே வைத்தான்.

விடுவிடுவென்று வெளியே போனாள். கதவு படாரென்று அடித்துக்கொண்டது. கார் வரை போன பிறகுதான், போனைச் சமையல் மேடையிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. பின்வாசல் வழியாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

லின்ட்சே நடந்துகொண்டிருந்தார். கையில் தடி இல்லை. முன்பு சுவரைக் கையால் தடவிக்கொண்டே வருவார். இப்போது அந்தப் பட்டையை வெறுங்காலால் தடவிக்கொண்டே வந்தார். பட்டை முடிந்த இடத்தில் நின்று, இடப்பக்கம் திரும்பினார். கை நேராகக் கெட்டிலைப் பிடித்தது.

இரண்டு முழம் தள்ளி நின்ற நோலீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டிபெனி வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"போயிட்டா போலிருக்கு," என்றார் லின்ட்சே, குரலைத் தாழ்த்தி. "எனக்காக நீ திட்டு வாங்கிட்டே, டிபெனி. இப்படிப் போடச் சொன்னது நான்தான்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. சுவர் போனதுலேர்ந்து எனக்கு வழி தெரியலைன்னு தெரிஞ்சா, அப்புறம் அந்த வெயில்ல அவளால சந்தோஷமா உட்கார முடியாது."