மேசைக்கடியில் காற்று

ஸ்டெல்லாவின் கணவன் இன்பராஜ் யாருக்குக் கம்ப்யூட்டர் பாகங்களைச் சேர்த்துக் கொடுத்தாலும் ஒரே பாடம்தான். "முன்னாடி ஃபேன் காத்த உள்ள இழுக்கணும், பின்னாடி ஃபேன் சூட்ட வெளிய தள்ளணும்." சொல்லிவிட்டு ஊதுபத்தி கொளுத்திப் புகை போகும் வழியைக் காட்டுவான். அன்று மேசைக்கடியில் இருந்த அவனுடைய கம்ப்யூட்டர் பெட்டியைத் தூசி தட்டியவள், விளையாட்டாக ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தாள். புகை பின்னால் நுழைந்து, அவன் முழங்கால் படும் முன்பக்கமாக வெளியே வந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சிரித்துக்கொண்டே அதே மேசையின் எதிர்ப்புறம் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியின் முதுகு அவள் கால்களைப் பார்த்தபடி இருந்தது. எட்டு வருடமாக அங்கே உட்கார்ந்துதான் விடைத்தாள் திருத்துகிறாள். ஒரு நாளும் சூடு பட்டதில்லை.

எழுந்துபோய் ஃபேன்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் திருப்பி மாட்டினாள்.

சாயங்காலம் அவன் வேலை செய்ய உட்கார்ந்தான். சற்று நேரத்தில் குனிந்து மேசைக்கடியில் கையை நீட்டிப் பார்த்தான்.

"ஸ்டெல்லா, அந்த ஸ்க்ரூட்ரைவர எங்க வெச்ச?"

"நான் பாக்கலீங்க" என்றாள், விடைத்தாளிலிருந்து நிமிராமல். ஸ்க்ரூட்ரைவர் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.