கிளட்சில் இருக்கும் கால்

இந்தோனேசியாவின் போகோரில் மதிய மழை தகரக் கூரையைப் போட்டு அடிக்கிறது. விடியற்காலையிலிருந்து சாலையோரத்து ஆட்களை ஏற்றி இறக்கி ஆங்கோட் என்ற ஷேர் வேன் ஓட்டிவிட்டு வந்த யாயான், கழுத்துத் துண்டைக்கூட எடுக்காமல் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். காலடியில் இருக்கும் பெடல்கள் நகராதபடி பழைய டியூபால் நாற்காலியோடு கட்டப்பட்டிருக்கின்றன. திரையில் இருபது பந்தயக் கார்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன; பதினேழாவது அவனுடையது. இந்தப் பந்தயத்தில், சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு அனுமதி இல்லை. எல்லாம் கால் பொறுப்பு. அந்தக் காலோ விடியலிலிருந்து கிளட்சை மிதித்துக் களைத்துக் கிடக்கிறது. போன மூன்று தடவையும் அவசரப்பட்டு, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, கடைசி இடத்தில் வந்தான். இன்றும் அப்படியானால், இணையத்தில் சேர்ந்து பந்தயம் ஓட்டும் அணியில் அவனுக்கு இடம் கிடையாது. “பின்னாடி புள்ளத்தாச்சி உக்காந்திருக்கான்னு நெனச்சு எடுங்க,” என்கிறாள் மனைவி இமாஸ், பொரித்த வாழைப்பழத் தட்டோடு. “வேன எடுக்கறப்ப குலுங்குதுன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்காங்களா?” “சும்மா இரு புள்ள, லைட்டு எரியுது.” ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாய் எரிந்து அவன் நெற்றி வியர்வையில் மின்னுகின்றன. சட்டென்று எல்லாம் அணைகின்றன. களைத்த கால், வேனில் விடுவதுபோலவே கிளட்சை மெல்ல விடுகிறது. கார் ஒரு சிணுங்கல் இல்லாமல் கிளம்புகிறது. நாலு, ஏழு, பதினொரு கார்கள் பின்னால் போகின்றன. இமாஸ் தட்டைக் கீழே வைக்கிறாள். பாதையோரம் வேலிக்கு அப்பால், பந்தயம் பார்க்கும் கணினிப் பொம்மைகளின் கூட்டம். அதில் சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி கையை உயர்த்துகிறாள். யாயானின் வலது கால் தன்பாட்டுக்கு பிரேக்குக்குப் போகிறது. கார் இடது ஓரமாய் ஒதுங்கி, அவள் ஏறுவதற்காக நிற்கிறது.