இரண்டு மண்மேடுகள்

ஓக் மரத்துத் துளிர்கள் எலிக்காது அளவுக்கு விரிந்துவிட்டன. சோளம் விதைக்கும் நேரம் இது. கொள்ளைநோய் காலியாக்கிய தன் பழைய ஊரின் கடலோரச் சரிவில் அவாஷா தோண்டுகோலுடன் நிற்கிறாள். பின்னால் கூடையோடு தங்கை நெத்தூக். எதிரே இரண்டு மண்மேடுகள். ஒன்றின் அடியில் அவள் பாய் சுற்றிப் புதைத்த விதைச்சோளம். மற்றதன் அடியில் அவள் கணவன். அவன் மேட்டில் மட்டும் சிப்பிகள் பதித்து அடையாளம் வைத்திருந்தாள். இப்போது சிப்பிகள் இரண்டின் மேலும் சிதறிக் கிடக்கின்றன. இரண்டையும் யாரோ தோண்டிப் பார்த்து மூடியிருக்கிறார்கள். சிப்பிகளுக்கு நடுவே ஒரு பித்தளைப் பொத்தான் மின்னுகிறது.

“கப்பல்ல வந்த கோட்டுக்காரங்க வேலைதான். மேடுன்னாலே அவங்களுக்குத் தானியம்,” என்கிறாள் நெத்தூக்.

ஆளில்லாத குடிசை ஒன்றின் வாசலில் தொங்கும் பாய் காற்றில் படபடக்கிறது, உள்ளிருந்து யாரோ உதறுவதுபோல. நெத்தூக் குனிகிறாள். இடப்பக்க மேட்டின் வெடிப்பில் ஒரு பச்சை முளை.

“அக்கா, சோளம் முளைச்சிருக்கு பாரு. இங்கதான், தோண்டு. இதுவும் போச்சுன்னா பிள்ளைங்க குளிர்காலத்துல எதைத் திங்கும்?”

அவாஷா கோலை ஓங்குகிறாள். ஓங்கிய கை அப்படியே நிற்கிறது.

“போற வழியில சாப்பிடட்டும்னு அவர் மடியிலயும் ஒரு கிண்ணம் சோளம் வச்சேன்டி.”

பாய் மறுபடி படபடக்கிறது. அவாஷா கோலை ஓரமாக வைத்துவிட்டு மண்டியிடுகிறாள். தூங்குகிறவரின் போர்வையை விலக்குவதுபோல, விரல் நுனியால் மண்ணை மெல்ல மெல்ல விலக்குகிறாள்.