பக்கத்து மேசைச் சத்தம்

மகளின் பெயர் திரையில் வந்ததும், சுட்டுக்கொண்டவள்போல வான்டா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

ஆட்ரி நோவிட்ஸ்கி. கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த செல்களின் பரிசோதனை.

டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை வாருங்கள், பேசலாம் என்றிருந்தார். அதற்குள் பில் போட வந்துவிட்டது.

ரத்த சொந்தங்களின் ஃபைலைத் திறந்தால் வேலை போய்விடும். பார்க்கக் கூடாது, விசாரிக்கக் கூடாது, பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். டொலீடோ நகரத்தின் அந்த ஆய்வக பில்லிங் அறையில் அதுதான் சட்டம்.

"ட்ரூடி, இத நீ போட்டுடுடி. எம் பொண்ணோடது."

காதைப் பொத்திக்கொள்ளச் சட்டம் சொல்லவில்லை.

நல்ல செல்லுக்கு வேலை கொஞ்சம்தான். ஒன்றிரண்டு குறியீட்டு எண், என்டர், முடிந்தது. செல் கெட்டிருந்தால் சாயம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். சாயத்துக்கு ஒரு எண், ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். கீபோர்டு ஓடும் நேரத்தை வைத்தே யார் வீட்டில் இடி விழுந்தது என்று வான்டாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது ட்ரூடிக்கும் தெரியும்.

ட்ரூடி கொஞ்சம் தட்டினாள். என்டரை ஓங்கி அடித்தாள். சத்தம் நின்றது.

"ஆச்சுடி! மூஞ்சப் பாரு, பேயறஞ்ச மாதிரி. போ, காபி கொண்டா. எனக்குச் சர்க்கர வேணாம், ஏற்கெனவே பீப்பா."

வான்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காபி இயந்திரத்தின் முன் நின்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். பெட்டியில் மிச்சமிருந்த ஒரே ஜாம் டோனட்டைக் காகிதத்தில் சுற்றி ஆட்ரிக்கென்று பையில் போட்டாள். சிரிப்பும் வந்தது.

இரண்டு கோப்பைகளோடு திரும்பியவள் கதவருகே நின்றுவிட்டாள்.

உள்ளே கீபோர்டு ஓடிக்கொண்டிருந்தது. எண், என்டர். எண், என்டர். ட்ரூடி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் ஆட்ரியின் பில்லை அடித்துக்கொண்டிருந்தாள். முடிவதாக இல்லை.

கடவுளே, இத்தனையா?

வான்டா சத்தமில்லாமல் நாலடி பின்னால் போனாள். பிறகு ஷூவைத் தரையில் ஓங்கி மிதித்து, வேண்டுமென்றே இருமிக்கொண்டு வந்தாள்.

உள்ளே சத்தம் சட்டென்று நின்றது.

"ஒரு காபிக்கு இவ்வளவு நேரமாடி?" என்றாள் ட்ரூடி, திரும்பிப் பார்க்காமலே.