பாலத்தில் காயும் சோளம்

இக்கரைக்காரர்களுக்கு அக்கரையைப் பிடித்துத் தருகிறேன் என்று வந்த வெளிநாட்டுப் படை ஆற்றின் மேல் பாலம் கட்டியது. ஒன்பது வருஷம் தன் பிணங்களை அள்ளிவிட்டு, தோற்றுக் கப்பலேறியது. பாலம் மட்டும் நின்றது. சோளம் காயவைக்க அந்த வட்டாரத்தில் வேறு சிமெண்டுத் தரை கிடையாது. முதல் அறுப்பில் இரண்டு கரைக்காரர்களும் நடுவில் கோடு கிழித்துக்கொண்டார்கள். மூன்றாம் அறுப்பில் கோடு சோளத்துக்கடியில் போயிற்று, யாரும் தேடவில்லை.

கரைகள் சேர்ந்துவிட்டதைக் கேள்விப்பட்டு அந்தப் படையின் அதிகாரி வெடிமருந்தோடு திரும்பி வந்தான். “நாங்கள் கட்டியது, நாங்களே தகர்க்கிறோம். சோளத்தை அள்ளு.”

இக்கரைக் குருவம்மா சோளத்தைக் காலால் துழாவிக்கொண்டே சொன்னாள்: “அள்ளிடலாம். எது எங்களுது, எது அக்கரைக்காரங்களுதுன்னு நீயே பிரிச்சுக் குடு.”

அவன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

“நில்லு. திங்கிற பொருள். பூட்ஸைக் கழட்டிட்டு வா.”