அளவெடுத்த அழைப்பு

"ஞாயித்துக்கெழம எங்க வீட்ல ஓணம். குடும்பத்தோட சாப்பிட வரணும்."

திண்டிவனத்தில் பேக்கரி நடத்தும் சசிதரன், ஒலக்கூரில் பக்கத்து மனையில் வீடு கட்டிக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அழைக்க வந்தவர் கையில் அளக்கிற டேப் இருந்ததைப் பார்த்ததும், பக்கத்து வீட்டுத் தட்சிணாமூர்த்தியின் பார்வை வேலிப் பக்கம் ஓடியது.

ஆனால் சசிதரன் வேலிப் பக்கமே போகவில்லை. தட்சிணாமூர்த்தியின் தொப்பையைச் சுற்றி அளந்தார். பிறகு தலையை அளந்தார். "அதுவரைக்கும் மீசைய மட்டும் எடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"தொப்பைய எதுக்குடி அளந்துக்கினு போறான்? மலையாள மாந்திரீகமா இருக்குமோ?"

"சோறு போடக் கூப்புடுற மனுஷன போய் சந்தேகப்பட்டுக்கினு. பேசாம வாங்க" என்றாள் மனைவி அம்பிகா.

ஞாயிற்றுக்கிழமை பூக்கோலத்தின் பக்கத்தில் அவரை நிறுத்தி, தொப்பையைச் சுற்றி ஜரிகைப் பட்டை கட்டி, தலையில் கிரீடம் வைத்து, கையில் குடையைக் கொடுத்தார்கள்.

"மாவலி ராஜா வேஷத்துக்கு ஒங்க தொப்பையும் மீசையும்தான் பொருத்தம். அதான் அளவெடுத்தேன்" என்று சிரித்தார் சசிதரன்.

அப்பாடா என்றிருந்தது தட்சிணாமூர்த்திக்கு. வந்திருந்தவர்களைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார்.

வாமனர் வேஷத்தில் சசிதரனின் மகள் வந்து கையேந்தினாள். "ராஜாவே, எனக்கு மூணடி மண்ணு வேணும்."

கிரீடத்துக்குள் குப்பென்று வியர்த்தது. போன வருஷம் இந்த மனை காலியாகக் கிடந்தபோது, எல்லைக்கல்லைப் பிடுங்கி அவர் தள்ளி நட்டதும் சரியாக மூன்றடிதான்.

"கொடுத்தேன்னு சொல்லுங்க" என்று காதருகே எடுத்துக் கொடுத்தார் சசிதரன்.

"நாளைக்கே கல்ல பழைய எடத்துல நட்டுடறேங்க" என்றார் மாவலி.